விப்லாஷ்: ஆறாத கழுத்துவலியில் தசைகளுக்கு என்ன ஆகிறது?

சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிடுகிறது. பம்பர் நசுங்கியதைத் தவிர பெரிய சேதம் இல்லை. யாருக்கும் ரத்தக்காயமும் இல்லை. அன்றைக்குக் கழுத்து லேசாகப் பிடித்த மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் திருப்பவே முடியாது. இப்படி இடியில் கழுத்து சட்டென்று வெட்டி இழுக்கப்படுவதால் வரும் காயத்துக்குத்தான் விப்லாஷ் என்று பெயர். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் ஒன்றும் இல்லை என்பார்கள். வலி மாத்திரை, ஒரு காலர், சில நாள் ஓய்வு. நிறைய பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

சிலருக்குச் சரியாவதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் கழுத்து கனக்கும். கொஞ்ச நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தால் பிடரியில் வலி ஏறும், தலைவலியாக மாறும். வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒரு மாதிரி தள்ளாடும். திரும்பவும் ஸ்கேன் எடுத்தாலும் அறிக்கையில் குறிப்பிடும்படி எதுவும் இருக்காது. அப்புறம் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும்: "அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் ஏன் கழுத்தைப் பிடிச்சிக்கிட்டே இருக்கே?" வலியைவிட இந்தக் கேள்விதான் பலரை நோகடிக்கிறது.

இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் கழுத்துத் தசைகளில் நிஜமான, அளந்து காட்டக்கூடிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளில் தெரியவந்த விஷயம் இது. வழக்கமான எக்ஸ்ரேயில் அது தெரியாது. எம்ஆர்ஐயில் தெரியும், ஆனால் அதற்கென்றே தேடிப் பார்க்க வேண்டும். அந்த மாற்றங்கள் என்ன, ஏன் வருகின்றன, அவற்றை வைத்து என்ன செய்யலாம், என்ன முடிவுக்கு வரக்கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், இடிபடும் அந்த நொடியில் நடப்பது

பின்னாலிருந்து இடி விழுந்ததும் இருக்கையின் சாய்வுப் பகுதி முதுகை முன்னே தள்ளுகிறது. தலைக்குப் பின்னால் உடனடியாகத் தள்ள எதுவும் இல்லாததால் அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. உடல் முன்னே போக, தலை நின்றுவிட, நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. ஏறக்குறைய முதல் பத்தில் ஒரு நொடிக்குள் கழுத்தின் கீழ்ப்பாதி பின்பக்கமாகவும் மேல்பாதி முன்பக்கமாகவும் மடங்கி, ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைகிறது. நாம் தினமும் தலையைக் குனிந்து நிமிர்த்தும்போது கழுத்து ஒருபோதும் இப்படி வளைவதில்லை. அதற்குப் பிறகுதான் தலை பின்னால் போய், முன்னால் வீசப்படுகிறது.

தசைகளால் இதைத் தடுக்க முடியாதா? முடியாது, நேரம் போதாது. இடியை உணர்ந்து, தசைக்கு உத்தரவு போய், அது இறுகி முழு பலம் பெறுவதற்குள் அந்த எஸ் வளைவு வந்துவிடுகிறது. அதிகம் அடிபடுவது முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருபுறமும் உள்ள சிறிய மூட்டுகள். இரண்டு விரல் தடிமன் கூட இல்லாத இந்த மூட்டுகளை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறை இழுபடும்போது வலி உணரும் நரம்பு நுனிகளும் இழுபடுகின்றன.

எல்லா விப்லாஷும் ஒன்றல்ல. கனடாவின் கியூபெக்கில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு 1995இல் இதைத் தரம் பிரித்தது. இன்றும் உலகம் முழுவதும் அந்தப் பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது. வலியும் இறுக்கமும் மட்டும் இருந்தால் 1ஆம் தரம். கழுத்தின் அசைவு குறைந்து, தொட்டால் வலிக்கும் இடங்களும் இருந்தால் 2ஆம் தரம். கையில் உணர்வோ பலமோ குறைவது போன்ற நரம்பு அறிகுறிகள் சேர்ந்தால் 3. எலும்பு முறிவு, மூட்டு விலகல் என்றால் 4. கீழே சொல்லப்போகும் தசை ஆய்வுகள் பெரும்பாலும் 2ஆம் தரத்துக்காரர்களிடம் செய்யப்பட்டவை. எலும்பு முறியவில்லை, நரம்பு அறுபடவில்லை, ஆனாலும் வலி போகவில்லை என்கிற கூட்டம் அது. விப்லாஷ் பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் ஏதாவது ஒரு தொந்தரவு மிச்சம் இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு. குணமாவது முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக நடக்கும், அதன் பிறகு மந்தமாகிவிடும்.

கழுத்தை நிமிர்த்தி வைப்பவை

மனிதத் தலையின் எடை நாலிலிருந்து ஐந்து கிலோ. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் அவற்றைப் பிணைக்கும் நார்களும் மட்டும் உள்ள கழுத்தின் மேல் எடையை ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் ஒரு கிலோவிலேயே அது வளைந்து சரிந்தது. தலையின் எடையில் கால் பங்கைக் கூட எலும்பால் தனியாகத் தாங்க முடியவில்லை. மீதி வேலை முழுவதும் தசையுடையது. தசை கொஞ்சம் தளர்ந்தால் கூட ஏன் நாள் முழுக்கக் கழுத்து கனப்பதாகத் தோன்றுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

கழுத்துத் தசைகள் பல அடுக்காக இருக்கின்றன. மேலே இருப்பவை பெரியவை, நீளமானவை, தலையைத் திருப்பவும் தோளைத் தூக்கவும் பலம் கொடுப்பவை. தலையை ஒருபக்கம் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள்: காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பின் மேல்முனை வரை ஒரு கயிறு போல எழுந்து நிற்பது அவற்றில் ஒன்று. உள்ளே, எலும்பை ஒட்டி இருப்பவை சிறியவை. பின்பக்கத்தில் மல்டிஃபிடஸ் என்றொரு தசை ஒவ்வொரு முள்ளெலும்பையும் அதற்குக் கீழே உள்ளவற்றோடு இணைக்கிறது. அதன் சில இழைகள் நான் மேலே சொன்ன சிறிய மூட்டின் உறையிலேயே நேரடியாக ஒட்டியிருக்கின்றன. அந்த மூட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புக் கிளையே மல்டிஃபிடஸுக்கும் போகிறது. மூட்டுக்கு அடிபட்டால் பக்கத்தில் இருக்கும் இந்தத் தசை சும்மா இருக்க முடியாது என்பதற்கு இந்த உடலமைப்பே சாட்சி.

இன்னும் மேலே, மண்டையோட்டுக்கு நேர் கீழே, பிடரிக்குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தட்டுப்படும் இடத்தில் சில குட்டித் தசைகள் உண்டு. இவற்றில் தசை எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நுண்ணிய உணர்விகள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மனிதக் கருச்சிசுக்களின் தசைகளில் இவற்றை எண்ணி 2001இல் வெளியிட்டார்கள். இந்தத் தசைகளில் ஒன்றில் ஒரு கிராமுக்கு 242 உணர்விகள், இன்னொன்றில் 190. கழுத்தும் தலைசுற்றலும் என்ற பேச்சு வந்தால் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் நமக்குத் தெரிகிறதே, அதில் இந்தக் குட்டித் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொழுப்பு புகுந்த தசை

ஜேம்ஸ் எலியட் என்ற பிசியோதெரபி ஆய்வாளர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிவென் ஜல் முதலானவர்களோடு சேர்ந்து, எம்ஆர்ஐ படங்களில் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்: தசை இருக்க வேண்டிய இடத்தில் உண்மையில் தசைதான் இருக்கிறதா?

எம்ஆர்ஐயின் ஒருவகைப் படத்தில் தசை சாம்பல் நிறத்தில் தெரியும், கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆரோக்கியமான ஒரு இளம்பெண்ணின் கழுத்தைக் குறுக்காக வெட்டியது போன்ற படத்தில், முள்ளெலும்பின் பின்னால் இருபக்கமும் சாம்பல் நிறத் தசைகள் அடுக்கடுக்காகத் தெரியும், அவற்றின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் எல்லை பிரிக்கும். நாள்பட்ட விப்லாஷ் உள்ள ஒருவரின் படத்தில், எலும்பை ஒட்டிய பகுதியில் அந்த வெள்ளை எல்லைக்கோட்டோடு நிற்காமல் தசைக்குள்ளேயே புகுந்திருக்கும். கறிக்கடையில் சில துண்டுகளில் சிவப்புச் சதைக்குள் வெள்ளைக் கொழுப்பு இழை இழையாக ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படி.

எலியட் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட விப்லாஷ் உள்ள 79 பெண்களையும் கழுத்துவலியே இல்லாத 34 பெண்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் 18 முதல் 45 வயதுக்குள். விப்லாஷ் குழுவில் கழுத்தின் பின்பக்கத் தசைகள் எல்லாவற்றிலும் கொழுப்பு கூடியிருந்தது. அதிலும் மண்டையோட்டுக்குக் கீழே உள்ள குட்டித் தசைகளிலும், மேல்கழுத்து மல்டிஃபிடஸிலும் மிக அதிகம். எலும்புக்கு எவ்வளவு நெருக்கமோ, கொழுப்பு அவ்வளவு அதிகம் என்று சொல்லலாம். இது வயதாலோ உடல் பருமனாலோ வந்த வித்தியாசம் அல்ல என்பதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியானவர்களிடமும் இது இருந்தது. நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறதா இல்லையா என்பதாலும் மாறவில்லை. கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். விப்லாஷ் நோயாளிகள் காப்பீட்டுப் பணத்துக்காக வலியைப் பெரிதாக்குகிறார்கள் என்ற சந்தேகம் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தசைக்குள் கொழுப்பை வரவழைத்து யாரும் நடிக்க முடியாது.

சரி, எந்தக் கழுத்துவலி வந்தாலும் இப்படித்தான் ஆகுமோ? அதையும் பார்த்தார்கள். விபத்து எதுவும் இல்லாமல் மெல்ல மெல்லக் கழுத்துவலி வந்து நாள்பட்டுப்போன 23 பெண்களை 2008இல் இதே முறையில் படம் எடுத்தார்கள். அவர்களுக்கும் வலி உண்டு, ஆனால் தசையில் இந்த அளவு கொழுப்பு இல்லை. ஆகவே வலி இருப்பதால் மட்டும், கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதால் மட்டும் இது வந்துவிடுகிறது என்று சொல்லிவிட முடியவில்லை. விபத்தின் தாக்கம் என்கிற கூடுதல் காரணம் ஏதோ தேவைப்படுகிறது.

இன்னொரு விஷயம் முதலில் கேட்கும்போது குழப்பும். அடிபட்ட தசை சூம்பிச் சிறியதாகியிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? விப்லாஷ் குழுவில் மல்டிஃபிடஸின் குறுக்களவு ஆரோக்கியமானவர்களைவிடப் பெரியதாக இருந்தது. பெரிதாக்கியது கொழுப்பு. வேலை செய்யக்கூடிய தசை இழை அதில் குறைவாகவும் இருக்கலாம். ஸ்கேனில் தசையின் எல்லையை மட்டும் வரைந்து "அளவு சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்தால் விஷயம் கைநழுவிப் போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எப்போது தொடங்குகிறது?

மேலே சொன்னவை எல்லாம் வலி நாள்பட்ட பிறகு எடுத்த படங்கள். கொழுப்பு எப்போது வருகிறது என்று அவற்றிலிருந்து தெரியாது. அதனால் விபத்து நடந்த உடனே ஆட்களைச் சேர்த்து, காத்திருந்து, திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் 44 பேர். 4 வாரம், 3 மாதம், 6 மாதம் என மூன்று முறை எம்ஆர்ஐ. ஆறு மாத முடிவில் குணமானவர்கள், கொஞ்சம் தொந்தரவு உள்ளவர்கள், நடுத்தர அல்லது கடும் தொந்தரவு உள்ளவர்கள் என்று பிரித்தார்கள். நாலாவது வாரத்தில் மூன்று கூட்டத்தின் படங்களும் ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தன. போகப் போக, கடும் தொந்தரவுக் கூட்டத்தில் மட்டும் கொழுப்பு ஏறியது. குணமானவர்களிடம் ஏறவில்லை.

எனவே விபத்துக்கு முன்பே அவர்களுக்குத் தசை பலவீனமாக இருந்தது என்ற விளக்கம் இங்கே எடுபடாது. விபத்துக்குப் பின், முதல் சில மாதங்களுக்குள், ஏதோ நடக்கிறது.

அந்த ஏதோ என்ன என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. வலிக்கிறதே என்று கழுத்தை அசைக்காமல் விட்டதால் தசை தேய்ந்தது என்பது ஒரு விளக்கம். விபத்தில்லாத கழுத்துவலியில் இதே அளவு வராததால் இது மட்டும் போதவில்லை. தசைக்குப் போகும் நரம்புக்கு லேசான அடி விழுந்திருக்கலாம் என்பது இரண்டாவது. நரம்புத் தொடர்பு குறைந்த தசையில் கொழுப்பு புகுவது மருத்துவத்தில் பழைய செய்திதான், மூட்டையும் மல்டிஃபிடஸையும் ஒரே நரம்புக் கிளை கவனிக்கிறது என்பதும் இதற்கு வலு சேர்க்கிறது. அடிபட்ட மூட்டிலிருந்து வரும் வலிச் செய்தி, தண்டுவட அளவிலேயே தசையின் இயக்கத்தை அடக்கிவிடுகிறது என்பது மூன்றாவது.

நாலாவது விளக்கத்தைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். அதே 2011 ஆய்வில், விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சியின் அறிகுறிகளும் தசைக் கொழுப்போடு தொடர்பு காட்டின. தூக்கத்தில் விபத்து திரும்பத் திரும்ப வருவது, வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைப்பது, சாலையைக் கடக்கவே பயப்படுவது போன்றவை. தொடர்ந்த மன அழுத்தம் உடலின் ஹார்மோன்களையும் அழற்சியையும் மாற்றுகிறது, அந்த மாற்றம் தசையையும் விட்டுவைக்காமல் இருக்கலாம். இதை "எல்லாம் மனசுதான்" என்று திரித்துவிடக் கூடாது. விபத்து மனதையும் உடலையும் சேர்த்தேதான் அடிக்கிறது. தூக்கமும் பயமும் சரியில்லை என்றால் அதற்கும் உதவி கேட்பது கழுத்துக்கான சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மாற்றுச் சான்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் மட்சுமோட்டோ குழுவினர் விப்லாஷ் பட்டவர்களைப் பத்தாண்டு கழித்துப் படம் எடுத்து, பின்கழுத்துத் தசைகளின் பரப்பை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான அந்த முடிவில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் அளந்தது பரப்பைத்தான், மேலே சொன்ன மாதிரி பரப்பு மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. அதோடு, விப்லாஷ் பட்ட எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கும்போது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிறு பகுதியினரின் மாற்றம் சராசரிக்குள் கரைந்துவிடும். சுவீடனில் 2016இல் வந்த ஆய்வு ஒன்று கடும் தொந்தரவு உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, மல்டிஃபிடஸ் கொழுப்பு அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. விப்லாஷ் என்றாலே தசை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒரு பகுதியினருக்கு அப்படி ஆகிறது என்பதே சரியான வாக்கியம்.

தசை வேலை செய்யும் விதமும் மாறுகிறது

கொழுப்பு பற்றிய பேச்சு கவர்ச்சியானது, படம் போட்டுக் காட்டலாம். ஆனால் நோயாளிக்கு அன்றாடம் உதவக்கூடிய விஷயம் இந்த இரண்டாவது மாற்றத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வலியுள்ள கழுத்தில் உள் தசைகள் மந்தமாகிவிடுகின்றன. அவை விட்ட வேலையை மேல் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. மேல் தசைகள் அவ்வப்போது பலமாக இழுக்கத் தோதானவை. நாள் முழுக்க மெதுவாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் வேலைக்கு அவை ஒத்துவராது, சீக்கிரம் களைத்துவிடும். மாலையானால் தோளும் கழுத்தும் கல்லாக இறுகுகிறது என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். விப்லாஷுக்கு மட்டும் உரிய மாற்றம் அல்ல இது. விபத்தில்லாத கழுத்துவலியிலும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கக் கிவென் ஜல் உருவாக்கிய ஒரு பரிசோதனை இருக்கிறது. உலகம் முழுக்கப் பிசியோதெரபிஸ்டுகள் செய்கிறார்கள், நம் ஊரிலும் செய்கிறார்கள். நோயாளி மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார். பிடரிக்குக் கீழே காற்றடைத்த ஒரு சிறிய பை. அதோடு ரத்த அழுத்தமானியில் இருப்பது போன்ற முள் காட்டும் மீட்டர். முதலில் அழுத்தத்தை 20இல் வைப்பார்கள். "தலையைத் தூக்காமல், ஆமாம் என்று சொல்வது போல முகவாயை மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள்" என்பார்கள். கழுத்தின் முன்பக்க உள் தசைகள் சரியாக இறுகினால் கழுத்தின் வளைவு லேசாக நிமிர்ந்து பையை அழுத்தும், முள் 22க்கு நகரும். அங்கேயே 10 நொடி நிறுத்த வேண்டும். பிறகு 24, 26, 28, 30.

கேட்க விளையாட்டு போல இருக்கும். வலியில்லாத ஒருவர் 26, 28 என்று சாதாரணமாகப் போய்விடுவார். நாள்பட்ட விப்லாஷ் உள்ளவர் பலருக்கு 24லேயே முள் நடுங்கும். அல்லது முள் சரியாக நகர்ந்தாலும், கழுத்தின் முன்னால் அந்தக் கயிறு போன்ற மேல் தசை விறைத்து எழுந்து நிற்கும். அதாவது வேலையைச் செய்தது தவறான ஆள். பரிசோதிப்பவர் அந்தத் தசையின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டிருப்பது இதைப் பிடிக்கத்தான்.

அடுத்தது தள்ளாட்டம். பிடரியின் குட்டித் தசைகளில் உணர்விகள் குவிந்திருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தசைகளே பாதிக்கப்பட்டால் மூளைக்குப் போகும் தகவல் பிசகுகிறது. கண்ணும் உள்காதும் ஒன்றைச் சொல்ல, கழுத்து வேறொன்றைச் சொல்லும். அதனால்தான் கூட்டமான கடைத்தெருவில் நடக்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ தலை கிறுகிறுக்கிறது. இதற்கும் ஒரு எளிய சோதனை உண்டு. தலையில் சின்ன லேசர் விளக்கைக் கட்டி, 90 செண்டிமீட்டர் தள்ளிச் சுவரில் ஒளிப்புள்ளி விழும்படி உட்கார வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் திருப்பிவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். புள்ளி தொடக்க இடத்திலிருந்து சுமார் 7 செண்டிமீட்டருக்கு மேல் விலகினால், அதாவது நாலரை பாகைக்கு மேல் பிசகினால், கழுத்தின் இட உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சியால் மாறுமா?

இங்கே நம்பிக்கையையும் உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் ஏமாற்றம் தந்த செய்தி. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட விப்லாஷ் உள்ள 172 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 20 அமர்வுகள் கொண்ட விரிவான உடற்பயிற்சித் திட்டம். மற்றதுக்கு ஒரே ஒரு ஆலோசனை அமர்வும் தேவைப்பட்டால் தொலைபேசி உதவியும் மட்டும். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: வலியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறையப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரிய அடி.

சுவீடனில் 216 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வேறு மாதிரி. அவர்கள் பொதுவான நடை, ஜிம் பயிற்சி கொடுத்த பிரிவோடு கழுத்தின் உள் தசைகளையே குறிவைத்த பயிற்சிப் பிரிவுகளை ஒப்பிட்டார்கள். 12 வாரப் பயிற்சிக்குப் பின், கழுத்தால் அன்றாட வேலைகளில் ஏற்படும் இடைஞ்சல் கழுத்துப் பயிற்சி செய்தவர்களிடம் அதிகம் குறைந்தது. கொழுப்பைப் பொறுத்தவரை, நாள்பட்ட விப்லாஷ் உள்ள ஐந்து பெண்களுக்கு 10 வாரம் கழுத்துப் பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்த ஒரு சிறிய ஆய்வு 2015இல் வந்தது. தசையின் அளவு கூடியது, கொழுப்பின் பங்கு குறைந்தது. ஐந்து பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒருமுறை புகுந்த கொழுப்பு நிரந்தரம் என்று நினைத்து நொந்துபோயிருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல செய்திதான்.

நடைமுறையில் பயிற்சி மேலே சொன்ன தலையாட்டும் அசைவிலிருந்தே தொடங்கும். படுத்துக்கொண்டு, மெதுவாக, வலி கூடாத அளவில். முன்கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டால் மேல் தசை விறைக்கிறதா என்று நீங்களே கவனிக்கலாம், விறைத்தால் அசைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 10 நொடி நிறுத்தம், 10 முறை என்பது வழக்கமான இலக்கு, முதல் நாளே எட்ட வேண்டியதில்லை. பலம் பிடித்துச் செய்யும் பயிற்சி இதற்கு அப்புறம்தான். தொடக்கத்திலேயே தலையைத் தூக்கி எடை பழகினால் ஏற்கெனவே அதிகம் உழைக்கிற மேல் தசைக்கே இன்னும் வேலை கொடுத்ததாகும். தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு லேசர் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதும், தலையைத் திருப்பும்போது பார்வையை ஒரே இடத்தில் நிறுத்துவதும் பயிற்சியாகவே தரப்படும். ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்பதால், முதல் சில முறையாவது கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்வது நல்லது. செல்போன் காணொளியால் உங்கள் முன்கழுத்தில் விரல் வைத்துப் பார்க்க முடியாது.

காலரைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பதால் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிபவர்கள் உண்டு. எலும்பு முறிவுக்கு மருத்துவர் போடச் சொன்னால் அது வேறு. 1ஆம், 2ஆம் தர விப்லாஷுக்கு நீண்டநாள் காலர் வேண்டாம், முடிந்த அளவு வழக்கமான வேலைக்குத் திரும்புங்கள் என்றுதான் 1995 கியூபெக் குழு முதல் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உள் தசைகள் ஏற்கெனவே மந்தமாகத் தொடங்கும் நேரத்தில் அவற்றின் வேலையைப் பட்டையிடம் ஒப்படைப்பது எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று சொல்லவே வேண்டாம்.

முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுப்பார்களே, விப்லாஷ் பட்ட கழுத்துக்கு அதை விடவே விடாதீர்கள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது. அப்படிப்பட்ட திடீர்த் திருப்பலில் அதன் உட்சுவர் கிழிவது அரிது என்றாலும் நடந்திருக்கிறது, பக்கவாதம் வரை போயிருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது "என் தசையில் கொழுப்பு இருக்கிறதா, எம்ஆர்ஐ எடுங்கள்" என்று கேட்டு வாங்கத் தேவையில்லை. இந்தக் கொழுப்பை அளப்பதற்கான முறைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன, வழக்கமான அறிக்கையில் அந்த எண் வராது. வந்தாலும் பயிற்சி அதனால் பெரிதாக மாறப்போவதில்லை. 2006 ஆய்வில்கூடக் கொழுப்பின் அளவும் வலியின் அளவும் நேருக்கு நேர் பொருந்தவில்லை. அதைவிட, தலையாட்டும் சோதனையில் எந்த எண் வரை போக முடிகிறது, கண்ணை மூடித் திருப்பினால் எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்து ஒப்பிடலாம்.

கை கால் மரத்துப்போவது, பிடியில் பலம் குறைந்து பொருள் நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, பேச்சு குழறுவது, இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி சட்டென்று வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எந்தப் பயிற்சியையும் தொடங்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.